பல்லக்கும் புஷ்புஷ் வண்டியும்: புதுச்சேரியில் முதுகுவலி கைமாறிய கதை

துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) ஆனந்தரங்கப் பிள்ளைக்குக் கிடைத்த மரியாதைகளில் முதலில் எண்ணப்படுவது, ஆளுநர் மாளிகை வளாகத்துக்குள்ளேயே மேளதாளத்தோடு பல்லக்கில் போகும் உரிமை. 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 ஜனவரியில் தாம் இறக்கும்வரை அவர் எழுதிவைத்த நாட்குறிப்பைப் படிப்பவர்களுக்கு 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் இத்தகைய உரிமைகள் எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். யார் பல்லக்கில் ஏறலாம், யார் செருப்போடு எதுவரை போகலாம், யாருக்கு எத்தனை வேட்டு போடுவார்கள் என்பதெல்லாம் அரசியல். வரலாற்றாசிரியர்களும் பல்லக்கை அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள்: ஒரு விருதாக, ஒரு சின்னமாக. ஆனால் பல்லக்கு ஒரு வாகனமும்கூட. அதில் ஒரு உடம்பு படுத்திருந்தது. அதன் கீழே நாலு உடம்புகள் நடந்தன. இந்த ஊரில் பல்லக்குக்குப் பின்னால் வந்த வாகனங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், சொகுசு என்பது மெத்தையிலும் சாய்மானத்திலும் தீர்மானமான விஷயம் இல்லை என்று தெரிகிறது. நோவு எந்த முதுகுக்கு என்பதைத்தான் ஒவ்வொரு வண்டியின் அமைப்பும் முதலில் முடிவு செய்தது. அந்த முடிவு புதுச்சேரியில் பலமுறை மாறியிருக்கிறது. மாற்றியது கருணை அல்ல என்பது என் வாதம்.

பல்லக்கிலிருந்தே தொடங்கலாம். ஏறிப்போகிறவரின் முதுகுக்கு அதைவிட நல்ல வாகனம் அதற்குப் பிறகு வரவே இல்லை. காரணம் எளிது: அதில் படுத்துக்கொள்ளலாம். சுவீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் 1960களில் இடுப்பு முதுகெலும்பின் வட்டுக்குள்ளேயே ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்கும்போது இருக்கும் அழுத்தத்தை 100 என்று வைத்தால், மல்லாந்து படுக்கும்போது அது 25 ஆகக் குறைகிறது. சாய்மானம் இல்லாமல் உட்காரும்போது 140 ஆக ஏறுகிறது. சுமப்பவர்கள் குறுநடையாக, கால் அதிகம் தூக்காமல், ஒருவர் பாட மற்றவர் வாங்கிப் பாட, ஒரே சீராகப் போவார்கள், படுத்திருப்பவருக்கு அலுங்காது. அந்தச் சீருக்கு விலை கொடுத்தது தோள். பெட்டிப் பல்லக்கும் அதற்குள் இருக்கும் ஆளுமாகச் சேர்த்து 200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நாலு பேர் தூக்கினால் தலைக்கு 50 கிலோ. அதுவும் நடுத்தலையில் அல்ல, ஒரு தோளில். ஒரு பக்கம் பாரம் ஏறினால் உடம்பு சாயாமல் இருக்க மறுபக்கத்து இடுப்புத் தசைகள் இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்த இழுப்பும் முதுகெலும்பின் மேல்தான் போய் அழுத்தும். 50 கிலோ பாரம் வட்டின் மேல் 50 கிலோவாக நிற்பதில்லை, அதைவிடக் கூடும். தூரப் பயணங்களில் தோள் மாற்றிக்கொள்ள இன்னொரு நாலு பேர் கூடவே ஓடினார்கள் என்றால் அது ஆடம்பரத்துக்காக இல்லை. நாலு பேரின் முதுகால் தாங்க முடியாத வேலை அது.

இதைத் தமிழ்ச் சமூகம் அறியாமல் இல்லை. வள்ளுவர் சிவிகை சுமப்பவனையும் அதில் ஊர்பவனையும் ஒரே குறளுக்குள் வைத்துவிட்டுப் போனார். அது அறத்தின் பயனைக் காட்டுகிறதா, அப்படிக் காட்டாதே என்று தடுக்கிறதா என்று உரைகாரர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. பெரியபுராணத்தில் திருப்பூந்துருத்திக் கட்டம் இன்னும் கூர்மையானது. சம்பந்தர் வரும் சிவிகையை ஆள்களோடு ஆளாகக் கலந்து அப்பர் சுமக்கிறார். அப்பர் எங்கே என்று மேலேயிருந்து கேட்க, கீழேயிருந்து பதில் வருகிறது. முதிய உடம்பு ஒன்று தன்னைச் சுமக்கிறது என்று தெரிந்ததும் சம்பந்தர் குதித்து இறங்குகிறார். பக்திக் கதைதான். ஆனாலும் பல்லக்குக்குள் இருப்பவருக்குத் தன்னைச் சுமப்பது யார் என்று தெரியாது என்ற சாதாரண உண்மையின்மேல்தான் அந்தக் காட்சி நிற்கிறது. இந்தத் தெரியாமை பின்னால் நம் கதையில் இன்னொரு முறை வரும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் புதுச்சேரிக்கு வந்துபோன பயணிகள் விடாமல் குறித்துவைக்கும் வாகனம் ஒன்று உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் பூஸ்-பூஸ் என்றார்கள், ஆங்கிலேயர்கள் புஷ்-புஷ் என்றார்கள், ஊரார் வாயில் அது புஷ்புஷ் வண்டி ஆனது. ஒரு நாற்காலி, வெயிலுக்கு மேற்கூரை, பின்னால் பெரிய சக்கரங்கள், முன்னால் சிறியது. பின்னாலிருந்து ஒருவரோ இருவரோ தள்ளுவார்கள். விசேஷம் முன்பக்கத்தில் இருக்கிறது: முன்சக்கரத்தோடு இணைந்த நீண்ட இரும்புக் கைப்பிடி ஏறி உட்கார்ந்தவரின் மடிவரை வரும், வண்டியைத் திருப்புவது அவர் வேலை. மேற்கூரைக்குப் பின்னால் குனிந்து தள்ளுகிறவருக்கு முன்னால் என்ன வருகிறது என்று தெரியாது. ஆகவே நீதிபதியானாலும் வணிகரானாலும் தன் வண்டிக்குத் தானே ஓட்டுநர்.

இந்த அமைப்பு வேறோர் ஊரிலும் இருந்தது. இங்கிலாந்தின் பாத் நகரத்து வெந்நீர் ஊற்றுகளுக்கு வாதமும் இடுப்புவலியும் கொண்டு வந்தவர்களுக்காக 1750 வாக்கில் ஜேம்ஸ் ஹீத் என்பவர் செய்த சக்கர நாற்காலியும் இதே அச்சுதான்: பின்னால் ஆள், முன்னால் சிறு சக்கரம், திருப்பும் கோல் நோயாளியின் கையில். அங்கேயும் அதற்குமுன் இருந்தது இரண்டு பேர் தூக்கிப்போகும் பெட்டி நாற்காலி. சக்கரம் வந்து அதை மெல்ல ஒழித்தது. நோயாளிக்கென்று ஓர் ஊர் கண்ட வடிவத்தைத் திடகாத்திரமான அதிகாரிகளுக்கு இன்னோர் ஊர் பயன்படுத்தியது என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆனால் பொறியியலாகப் பார்த்தால் வேடிக்கை எதுவுமில்லை. பாத் நகரில் தூக்குக்கூலிக்கு இரண்டு ஆள் வேண்டியிருந்த இடத்தில் சக்கரம் ஒரு ஆளோடு முடிந்தது. பல்லக்குக்கு நாலு முதல் எட்டுப் பேர் வேண்டியிருந்த புதுச்சேரியில் புஷ்புஷ் வண்டி ஒருவர், மிஞ்சினால் இருவர் என்று முடித்தது.

இந்த ஊரில் அது ஏன் நிலைத்தது என்பதற்கு நிலமே சாட்சி. 1693 முதல் 1699 வரை ஊரைக் கையில் வைத்திருந்த டச்சுக்காரர்கள் வரைந்த நேர்கோட்டுத் தெருக்களைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1761இல் ஆங்கிலேயர்கள் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கிய பிறகும் அதே கோடுகளின்மேல்தான் ஊர் மறுபடி எழுந்தது. கடற்கரையிலிருந்து வாய்க்கால்வரை தெருக்கள் நேராகவும் சமமாகவும் கிடக்கின்றன. ஏற்றம் என்று சொல்ல வாய்க்கால் பாலங்கள் மட்டும்தான். முன்சக்கரத்தைக் கோலால் திருப்பும் வண்டிக்கு அகலமான செங்கோண மூலைகள் பொருந்தும். பின்னாலிருந்து தள்ளும் வண்டிக்குச் சரிவு ஆகாது, இறக்கத்தில் அது தள்ளுபவரையே இழுத்துக்கொண்டு ஓடும். சிம்லாவில் 1880 வாக்கில் ரிக்‌ஷா வந்தபோது, முன்னால் இருவர் இழுக்கப் பின்னால் இருவர் தள்ள வேண்டியிருந்தது. புதுச்சேரியிலேயே கோரிமேட்டுச் செம்மண் ஏற்றத்துக்குப் புஷ்புஷ் வண்டி போயிருந்தால் கதை வேறாகியிருக்கும். அங்கே மாட்டு வண்டிதான்.

இப்போது தள்ளுபவரின் முதுகைக் கவனிப்போம், ஏனென்றால் வாதத்தின் கனமான பகுதி இங்கேதான். ஜட்கா வண்டியில் ஏறியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்ற வார்த்தைகள் தெரியும். இரண்டு சக்கர வண்டியில் ஆள் கொஞ்சம் பின்னால் நகர்ந்தாலும் ஏர்க்கால் மேலே எழும், முன்னால் நகர்ந்தால் குதிரையின் முதுகில் இறங்கும். கை ரிக்‌ஷாவும் இரண்டு சக்கரம்தான். குதிரையின் இடத்தில் மனிதர் என்பதால் அந்தப் பாரத்தைச் சமன் செய்வது அவர் கைகளும் இடுப்பும். ஏற்றும்போதும் இறக்கும்போதும் கோல்களைத் தரையிலிருந்து தூக்கவும் தாழ்த்தவும் வேண்டும். நடக்கும்போது முழுக்கப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். புஷ்புஷ் வண்டியோ தன் சக்கரங்களிலேயே நிற்கும். விட்டுவிட்டு நகர்ந்தாலும் கவிழாது. தள்ளுபவரின் முதுகெலும்பின்மேல் செங்குத்தாக ஒரு கிலோகூட இறங்குவதில்லை. கெட்டித்த சமதரையில் 200 கிலோ வண்டியை உருட்டிக்கொண்டு போக 5, 6 கிலோ அளவு தள்ளுவிசை போதும். கிளப்பும்போது மட்டும் கூடுதலாக வேண்டும். கைப்பிடி மார்புக்கும் இடுப்புக்கும் நடுவில் இருந்தால் உடம்பைச் சாய்த்து உடம்பின் எடையாலேயே தள்ளலாம், முதுகை வளைக்க வேண்டியதில்லை. பாரம் ஏற்றிய வண்டியை இழுக்காதே, தள்ளு என்று இன்று பணிச்சூழல் வல்லுநர்கள் ஆலைத் தொழிலாளிக்குச் சொல்லிக்கொடுப்பதும் இதுதான். தோளில் 50 கிலோ சுமந்ததோடு ஒப்பிட்டால் மனித உழைப்பால் ஓடிய வாகனங்களில் முதுகுக்கு இவ்வளவு குறைவாகக் கெடுதல் செய்தது வேறில்லை என்றே சொல்வேன். கால், மூச்சு, வெயில் ஆகியவை வேறு கணக்கு.

ஏறியவருக்கோ சொகுசு குறைந்தது. படுக்கை போய் நாற்காலி வந்தது. பல்லக்கில் மனிதக் கால்கள் உறிஞ்சிக்கொண்ட அதிர்ச்சியைச் சக்கரம் நேரே இருக்கைக்கு அனுப்பியது. இங்கே ஒரு மறுப்பு எழலாம். நாகெம்சனின் எண்களை வேதமாகக் கொள்ளக்கூடாது. 1999இல் வில்கேயும் சகாக்களும் ஜெர்மனியில் மறுபடி அளந்தபோது, தளர்வாக உட்காரும்போது அழுத்தம் நிற்பதைவிடச் சற்றுக் குறைவாகவே இருந்தது. சரிதான், உட்காருவது தன்னளவில் குற்றம் இல்லை. ஆனால் இரண்டு ஆய்வுகளும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன: படுத்திருக்கும்போது அழுத்தம் நிற்பதில் நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்று. தவிர, ஆய்வுக்கூட நாற்காலி குலுங்குவதில்லை. பல்லக்கிலிருந்து வண்டிக்கு மாறியபோது பெரிய மனிதர்கள் கொஞ்சம் நோவை ஏற்றுக்கொண்டார்கள், அதோடு வழிபார்க்கும் வேலையையும் ஏற்றுக்கொண்டார்கள் என்பது மாறவில்லை.

ஏன் ஏற்றார்கள்? மனிதத் தோளில் ஏறுவது குடியரசுக்கு அழகல்ல என்று பிரெஞ்சு மனசாட்சி விழித்துக்கொண்டது என்று சொல்லலாம். சுதந்திரம், சமத்துவம் பேசிய அரசு 1848இல் தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தது உண்மை. ஆனால் அடிமைகள் விடுபட்டுப் போன ரெயூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறியதும் அதே காலம். 1936 ஜூலை 30 அன்று வேலைநிறுத்தம் செய்த பஞ்சாலைத் தொழிலாளர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் இறந்ததும் அதே மூவண்ணக் கொடியின் கீழ்தான். உழைக்கும் உடம்பின் மேல் பொதுவான கரிசனம் இருந்ததற்கு இந்த ஊரின் ஆவணங்கள் சாட்சி சொல்லவில்லை. வில்லியனூர்த் தேரோட்டத்தில் ஆளுநரே வடம் பிடிக்கும் வழக்கம் பிரெஞ்சுக் காலத்திலிருந்து இன்றுவரை தொடர்கிறது. ஆளுநரின் முதுகு ஊருக்காக வளைந்தது அநேகமாக ஆண்டில் அந்த ஒரு நாள். பல்லக்கைத் தெருவிலிருந்து விரட்டியது கெட்டிச் சாலையும் ஆள்கூலியும். எட்டுப் பேருக்குக் கொடுக்கும் கூலியில் ஆறு மிச்சமாகிறது என்றால் யாரும் சித்தாந்தம் தேடமாட்டார்கள். சுவாமி மட்டும் இன்னும் தோளில்தான் புறப்பாடு போகிறார், அங்கே கூலிக் கணக்கு இல்லை.

இன்னொரு காரணமும் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது, இது அவ்வளவு இனிமையான காரணமில்லை. கை ரிக்‌ஷாவில் ஏறியவர் வழிநெடுக எதிரே ஒரு முதுகைப் பார்க்க வேண்டும்: வியர்வை வழிவதை, முட்டி தளர்வதை, இருமலை. புஷ்புஷ் வண்டியில் எதிரே இருப்பது கடலும் தெருவும். தள்ளுபவர் மேற்கூரைக்குப் பின்னால் மறைந்துபோனார். கையில் திருப்புகோல் இருப்பதால், தானே போய்க்கொண்டிருப்பது போன்ற நினைப்பும் கிடைக்கும். உழைப்பவரின் முதுகுக்கு மிகக் குறைந்த தீங்கு செய்த வாகனமும், அந்த முதுகை மிக முழுமையாக மறைத்த வாகனமும் ஒன்றாகவே இருந்தது. இது என் வாதத்துக்கு வசதியான உண்மை அல்ல, ஆனாலும் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இதைக் கேட்டு ஒருவர் கோபப்படலாம்: மனிதனை மனிதன் தள்ளுவதே இழிவு, அதில் எந்தக் கோணத்தில் தள்ளினான் என்று அளவுகோல் வைத்துப் பார்ப்பதென்ன? கோபம் நியாயம். ஆனால் இழிவும் பாரமும் இரண்டு தனிக் கணக்குகள். ஒன்றைத் தீர்த்தால் மற்றது தானாகத் தீருவதில்லை. தமிழ்நாட்டில் 1973இல் மு. கருணாநிதி அரசு கை ரிக்‌ஷாவை ஒழித்து, இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தது. இழிவைத் துடைத்த அளவில் அது பெரிய காரியம். ஆனால் சைக்கிள் ரிக்‌ஷாக்காரரின் உடம்பு என்ன ஆனது? குறுகலான சீட்டு, உயரம் மாற்ற முடியாத கம்பி, ஒரே பல்சக்கரம். புதுச்சேரியிலும் நெடுங்காலம் ஓடிய அந்த வண்டியை, இரண்டு பெரியவர்களும் மூட்டையுமாக வாய்க்கால் பாலத்தில் ஏற்ற வேண்டியிருந்தால், ஓட்டுநர் சீட்டைவிட்டு எழுந்து மொத்த உடம்பையும் மாற்றி மாற்றி ஒவ்வொரு பெடலிலும் சாய்க்க வேண்டும்; அதுவும் போதாமல் இறங்கி, கைப்பிடியைப் பிடித்து, இடுப்பைத் திருகிக்கொண்டு இழுக்க வேண்டும். உழைப்பவருக்கு முதல்முறையாக ஓர் இருக்கை கிடைத்தது, முதுகுக்கு நிம்மதி கிடைக்கவில்லை. சட்டம் நிலையைப் பார்த்தது, நெம்புகோலைப் பார்க்கவில்லை.

இயந்திரம் வந்து எல்லாம் சரியாயிற்று என்பது கடைசி மறுப்பு. தள்ளுபவர் இருந்த இடத்தில் எஞ்சின் வந்தது, அதற்கு முதுகு கிடையாது. உண்மை. ஆனால் குலுக்கல் எங்கேயாவது போய்ச் சேர வேண்டும். புல்வெட்டும் இயந்திரத்தின் கதை இதைச் சுருக்கமாகக் காட்டும், ஏனென்றால் அது புஷ்புஷ் வண்டியின் கதையைப் போலவே பின்னாலிருந்து தள்ளுவதில் தொடங்கியது. எட்வின் பட்டிங் 1830இல் காப்புரிமை பெற்ற வார்ப்பிரும்பு இயந்திரத்தை ஒருவர் பின்னால் தள்ள வேண்டும். கனம் தாங்காமல் முன்னாலும் ஒரு கைப்பிடி வைத்து இன்னொருவரை இழுக்கவிட்டார்கள். பிறகு மட்டக்குதிரை, மாடு, 1902 முதல் ரான்ஸம்ஸ் நிறுவனத்தின் பெட்ரோல் எஞ்சின், கடைசியில் ஏறி உட்கார்ந்து ஓட்டும் வண்டி. ஏறியவர், திருப்புபவர், உழைப்பவர் மூவரும் இதில் ஒரே உடம்பு. பல்லக்கு முதல் ரிக்‌ஷாவரை நோவை வேறு யாரிடமாவது தள்ளிவிட வழி இருந்தது, இங்கே இல்லை.

இடுப்புவலி உள்ளவர்கள் தள்ளும் இயந்திரத்தை விட்டு ஏறி ஓட்டும் இயந்திரத்துக்கு மாறுவது இயல்பு. குனிந்து அரிவாளால் புல்லறுப்பதோடு ஒப்பிட்டால் அது வரம். ஆனாலும் அந்த வண்டிகளில் பலவற்றுக்குப் பின் அச்சில் வில் கிடையாது, சக்கரமும் சிறியது. மேடுபள்ளத்தில் வரும் அதிர்ச்சிக்கும் முதுகெலும்புக்கும் நடுவே இருப்பது டயரின் காற்றும் இருக்கையும் மட்டும்தான். உட்கார்ந்த மனித உடம்பு நொடிக்கு 4 முதல் 6 முறை வரும் அதிர்வில் எதிர்ப்பதற்குப் பதில் சேர்ந்தாடும். கரடுமுரடான தரையில் வேகமாக ஓட்டினால் இந்த அளவு அதிர்வு சர்வசாதாரணமாக வரும். அதனால் கேட்க வேண்டிய கேள்விகள் தச்சரிடம் நாற்காலி சொல்லும்போது கேட்பவைதான்: இருக்கைக்கு அடியில் வில் உண்டா, அதை ஓட்டுபவரின் எடைக்கேற்பத் திருகிவைக்க முடியுமா, சாய்மானம் இடுப்பின் உள்வளைவைத் தொடுகிறதா, முன்னால் குனியாமல் திருப்புகோல் எட்டுகிறதா, முழங்கால் சற்று மடங்கியபடியே மிதிக்க முடியுமா. டயரில் காற்றைக் கல்போல ஏற்றிவிடக்கூடாது. பள்ளத்தில் வேகம் குறைக்க வேண்டும். அரை மணிக்கொரு முறை இறங்கி நாலடி நடந்துவிட்டு ஏற வேண்டும், ஏனென்றால் எவ்வளவு நல்ல இருக்கையும் அசையாமல் உட்காரும் உடம்புக்கு மருந்தில்லை.

பாரதி பூங்கா அளவுப் புல்தரைக்குத் தள்ளும் இயந்திரமே போதும். காலாப்பட்டுப் பல்கலைக்கழகம், கோரிமேட்டு ஜிப்மர் மாதிரிப் பரந்த வளாகங்களில்தான் ஏறி ஓட்டுவதற்கு நியாயம் வரும். அங்கே வாங்குபவர் ஒருவர், நாள் முழுக்க அதன்மேல் உட்காரப் போகிறவர் இன்னொருவர். ஆனந்தரங்கப் பிள்ளையின் பல்லக்கைப் போலன்றி, இதில் இருக்கையைத் தேர்ந்தெடுப்பவர் அதில் ஏறப்போவதில்லை. விலைப்பட்டியலில் குதிரைசக்தியும் வெட்டு அகலமும் முதல் வரியில் இருக்கும். வில் வைத்த இருக்கை, பெரும்பாலும் கூடுதல் காசுக்கு, கடைசி வரிகளில்.